தண்ணீர் கேட்டு வந்தவர்

“உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? விசா போச்சுன்னா என்ன பண்ணுவ?” என்றார், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் நான் அறை எடுத்திருந்த வீட்டு ஆன்ட்டி.

நான் வீடு தேடிப் போன குடியிருப்பில், எனக்கு முன்னால் வந்த கறுப்பினத் தம்பதியிடம் இடமில்லை என்றவர்கள், என்னிடம் சாவியை நீட்டினார்கள். அந்தத் தம்பதிக்காகச் சாட்சி சொல்லும்படி கேட்டு ஒரு கறுப்பினப் பெண்மணி வந்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மீதி நேரமெல்லாம் இப்படிப்பட்ட வழக்குகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்குபவர். அகன்ற தோள், உரத்த சிரிப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பது அவர் வழக்கம்.

ஆன்ட்டி எனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவருக்குக் காகிதக் கப்பிலும் கொண்டுவந்தார்.

“இது எனக்கு மட்டும் ஸ்பெஷலா?” என்று சிரித்தார் அவர்.

“கெஸ்ட்டுக்கு அதான் கன்வீனியன்ட்,” என்றார் ஆன்ட்டி.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது.

“எங்க ஊர் டீக்கடையில எங்கப்பாவுக்கும் தனி கிளாஸ்தான்,” என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். அமெரிக்கா வந்தபின் அந்தத் தனி கிளாஸைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஆன்ட்டியின் முகம் மாறியது.

அந்தப் பெண்மணியோ கப்பில் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். கோபமே வரவில்லையா, வந்ததை விழுங்கினாரா? இன்றும் தெரியவில்லை.

நான் சாட்சி சொல்லிவிட்டேன். அறையையும் காலி செய்துவிட்டேன்.