பஸ்ஸையே நிறுத்திய பாட்டு

சென்னையில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி யூடியூபில் போடும் தம்பிகளின் இசைக்குழு ஒன்றுக்குத் திருச்சுழி தாலுகாவிலேயே ரசிகன் நான் ஒருவன்தான். அதைச் சொன்னால் அவர்களுக்கு மனசு கஷ்டப்படாதா? அதனால் நேற்று, "எங்க பக்கம் பஸ்ஸுல பூரா உங்க பாட்டுத்தான்" என்று கமெண்டு போட்டேன்.

பாடுகிற தம்பி உடனே, "வீடியோ எடுத்து அனுப்புங்க அங்கிள்" என்றுவிட்டார்.

இன்று காலை அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி, டிரைவர் மாரியிடம் பென் டிரைவை நீட்டினேன்.

"மாப்ள, இந்த ஒரு பாட்ட மட்டும் போடு."

"சினிமாப் பாட்டா மாமா?"

"அதுக்கெல்லாம் மேல."

பாட்டின் தொடக்கத்தில் குரலே வராது. கிடார் மட்டும் அடிவயிற்றில் டும் டும் என்று அதிரும்.

ஊரைத் தாண்டியதும் மாரி பென் டிரைவைச் செருகினான். உடனே கண்டக்டர் விசிலடித்தார். "ஏலே மாரி, பின் வீலுல ஏதோ அடிக்குது. ஓரங்கட்டு."

பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிச் சக்கரத்துக்கடியில் குனிந்தார். "யாரும் பேசாதீக, சத்தம் எங்கருந்து வருதுன்னு பாக்கணும்."

பஸ்ஸே மூச்சைப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் நிம்மதியாக வீடியோ எடுத்தேன்.

குரல் வந்ததும் மாரி திரும்பிப் பார்த்தான். "மாமா, அந்த டும் டும் உம்ம பாட்டா?" பென் டிரைவைப் பிடுங்கிவிட்டான்.

மத்தியானம் தம்பியிடமிருந்து பதில் வந்தது: "இவ்வளவு அமைதியா எங்க பாட்டை யாரும் கேட்டதே இல்ல அங்கிள். நேர்ல வந்து பாடுறோம்."

வரச் சொல்லிவிட்டேன். திருச்சுழி ரோட்டில் மண்டபம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். கூட்டத்துக்குக் கவலை வேண்டாம். வாசலில் மாரி பஸ்ஸை ஓரங்கட்டினால் போதும்.