வெளிக்கள ஆட்டக்காரனின் முழிவியளம்

போன கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பெண் போன் செயலியில் என் வாடகைக் காரை அழைத்தாள். என் படம் அவளுடைய போனில் வந்திருக்கும். அடுத்த நிமிடமே ரத்துச் செய்துவிட்டாள். "அந்தப் போட்டோவிலை கொஞ்சம் ஸ்மைல் பண்ணியிருக்கலாம், அப்பா" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் முகத்தைக் கண்டு பயந்த ஒருவனை எனக்கு முன்பே தெரியும்.

காலையில் முதலில் கண்ணில் படும் முகத்தை நாங்கள் முழிவியளம் என்போம். நாள் பிழைத்தால் அந்த முகத்துக்குத்தான் திட்டு. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் ஒரு லிமோசின் கொம்பனியில் சொகுசுக் கார் ஓடினேன். டை கட்டிய சாரதி என்று மனைவிக்குப் பெருமை வேறு. பேஸ்போல் அணி ஒன்றின் ஆட்டக்காரர்களை ஏற்றி இறக்கும் வேலையும் எங்களுக்கு இருந்தது. யாரையாவது கீழ்நிலை அணிக்குத் திருப்பி அனுப்பினால், காலையில் ஹோட்டலில் ஏற்றி எயார்போட்டில் விடுவது என் முறை.

அந்த வெளிக்கள ஆட்டக்காரனை அப்படி நாலு தரம் ஏற்றினேன். வெளிக்களம் என்றால் மைதானத்தின் தூரக்கரையில் நின்று, உயரப் பறந்து வரும் பந்தைப் பிடிக்கிற வேலை. ஏழு அணி மாறியவன். யாருக்காவது காயம் என்றால் கூப்பிடுவார்கள், காயம் ஆறினால் அனுப்பிவிடுவார்கள். வீடு எடுக்கவில்லை, ஹோட்டல் அறையில் பெட்டியைக்கூட முழுதாகத் திறப்பதில்லை. நாலாம் தரம் பின்சீற்றிலிருந்து சொன்னான். ஆங்கிலத்தில்தான், என் நினைவில் அது எப்படியோ தமிழாகிவிட்டது.

"உன்ரை முகத்தைக் கண்டா நான் பெட்டி கட்டவேணும்."

பகிடிதான். இருவரும் சிரித்தோம்.

அடுத்த கோடையில் அவனை மீண்டும் கூப்பிட்டார்கள். ஹோட்டல் வாசலில் வேறொருவருக்காக நின்ற என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனான். அவனுக்கில்லை என்று அவசரமாகக் கையசைத்தேன். கிட்ட வந்தான்.

"ஞாயிற்றுக்கிழமை அப்பா வாறார். நான் பெரிய மைதானத்திலை விளையாடுறதை அவர் ஒருநாளும் காணேல்லை. அதுவரைக்கும் என்ரை கண்ணிலை படாதை."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரிக்கற் கிடைத்ததென்று மச்சான் கூப்பிட, போய்விட்டேன். அத்தனை ஆயிரம் பேருக்குள் என்னை யார் காணப்போகிறார்கள் என்ற நினைப்பு. எங்கள் இருக்கை இடதுகரையில், அவன் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால். ஆட்டம் முடிகிற நேரம் லேசாகப் பிடிக்கக்கூடிய பந்தொன்று எங்கள் பக்கம் எழுந்தது. அவன் பின்னோக்கி ஓடிவந்தான். "பிடி, பிடி!" என்று நான் எழும்பிக் கத்தினேன், அதுவும் தமிழில். அண்ணாந்திருந்தவனின் கண் பந்தை விட்டுவிட்டு என்மேல் வந்து நின்றது. சுற்றிவரச் சனம் கூச்சல் போட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பந்து அவன் காலடியில் விழுந்தது. அவன் குனியவேயில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிறு காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் அண்ணை போன் எடுத்தார். எயார்போட்டுக்கு ஏற்றவேண்டியது அவனை. "வேறை ஆரையும் அனுப்புங்கோ அண்ணை" என்று கெஞ்சினேன். ஆளில்லை என்றுவிட்டார். நான் போனபோது அவன் பெட்டியோடு வாசலில் நின்றான். எயார்போட்டில் இறங்கும்போது சொன்னான்.

"ரெண்டு மணித்தியாலத்திலை அப்பா வந்திறங்குவார். நீயே கூட்டிக்கொண்டு போ."

பெயர் எழுதிய மட்டையோடு வருகை வாசலில் காத்து நின்றேன். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் சிரித்தபடி வந்தார். மட்டையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன் அவர் என்னைக் கண்டதே இல்லை.

"அவன் உன்னைப்பற்றிச் சொன்னவன்," என்றார். "எப்ப போனவன்?"

இப்போது அந்தக் கொம்பனி இல்லை. ஹோட்டலை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அவனை அதற்குப் பிறகு எந்த அணியும் மேலே கூப்பிடவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை மனம் வேகிறது. பெரிய மைதானத்தில் அவன் கடைசியாகப் பார்த்தது பந்தை அல்ல, என் முகத்தை.