சித்தப்பாவின் சின்னக் கப்பு

சித்தப்பாவுக்கு இலங்கையை விட்டு ஒரேயடியாக இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்ததும் எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லோரும் அழுதார்கள். எனக்கோ அவர் ஜெயித்த பெரிய கப்பு யாருக்கு என்பதுதான் கவலை.

அப்பாவின் தம்பி அவர். எங்கள் வீட்டிலேயே இருந்து, தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டு, பதுளை டவுனில் குத்துச்சண்டை போட்டார். மூன்று எடைப் பிரிவுகளில் ஜெயித்து மூன்று கப்புகள் வாங்கியிருந்தார். கூடின எடைக்குப் பெரிய கப்பு. ஆகக் குறைந்த எடைக்குக் கிடைத்தது என் கைக்குள் அடங்கிவிடும். போட்டி வந்தால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கி எடை பார்ப்பார்.

"கூடை எடையக் கழிச்சா உங்கிட்ட ஒண்ணும் மிஞ்சாதுடா" என்பார் கணக்கப்பிள்ளை.

புறப்படும் அன்று காலை கப்புகளை வரிசையாக வைத்தார். அப்பா தீர்ப்புச் சொன்னார்: "பெரிய ஆளுங்கள அடிச்சு வாங்கினியே, அதான்டா கப்பு. அப்புறம் எறங்கி எறங்கி, கடைசியில பொடிப்பயலுகளோடல்ல மோதின?"

"பொடிப்பயலுக அடிதாண்ணே வேகமா விழும்" என்று சித்தப்பா சிரித்தார்.

"அந்தச் சின்னக் கப்புக்கு உங்க தம்பி பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய கப்பு என் தம்பிக்குப் போனது. நடுக்கப்பு சித்தப்பாவின் பெட்டிக்குள் போனது. சின்னதை என் கையில் வைத்து, "இதுதான் பாப்பா ஒசத்தி" என்றார். பொம்பளைப் பிள்ளையை ஏய்க்கிறார் என்றே நினைத்தேன். தம்பி அதற்குள் தன் கப்பு நிறையப் பால் சேர்க்காத சாயத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். என்னுடையதில் ஒரு வாய்கூடக் கொள்ளாது. அந்தக் கோபத்தில், பதுளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது எல்லோரும் கை காட்ட, நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது என் மகளைக் கிளினிக்கில் நிறுக்கும்போதெல்லாம் முள் எங்கே நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. போன மாதம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சரியாகத்தான் ஊட்டுகிறேனா, பால் போதவில்லையா என்று குழம்பி, அன்றிலிருந்து என் தட்டில் இருப்பதையும் அவளுக்கே பிசைந்து ஊட்டுகிறேன். எனக்குப் பசியில்லை என்று வீட்டில் சொல்கிறேன்.

அப்படிச் சொன்ன ஒருநாள்தான் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். அரிசியும் மாவும் சரியாகக் கிடைக்காத வருஷம் அது. அவர் சின்னக் கப்பை ஜெயித்ததும் அந்த வருஷம்தான். ஆளுக்கு ஒரு ரொட்டி. தன் ரொட்டியைப் பிய்த்து எங்கள் தட்டுகளில் போட்டுவிட்டு அவர் சொல்வார்:

"போட்டிக்கு எடை கொறைக்கணும் பாப்பா. நீ தின்னாத்தான் சித்தப்பா ஜெயிக்க முடியும்."

நான் நம்பினேன். தம்பிக்கு விழுந்த துண்டு பெரியதா என்று பார்த்துக்கொண்டே தின்றேன்.