எங்கள் வண்டி லாரி இல்லை

நாகலாபுரத்துப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் சாமந்தி. கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, சின்ன லோடு வண்டியை நானேதான் திருப்பதி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். விடிந்ததும் போனால் முற்பகலில் திரும்பிவிடுவேன்.

வழியில் ஒரு டோல்கேட். ஒருநாள் அதன் பக்கத்தில் டயர் பஞ்சராகி நின்றபோதுதான் அங்கிருந்த கட்டணப் பலகையை முழுதாகப் படித்தேன். காருக்கு ஒன்று, சின்ன சரக்கு வண்டிக்கு ஒன்று, லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒன்று. போனில் வந்திருந்த மெசேஜைப் பார்த்தால், பல மாதங்களாக என்னிடம் லாரிக் கட்டணம் எடுத்திருந்தார்கள். கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டிக் கொடுத்த ரோட்டோரக் கடைக்காரர் எங்கள் வண்டியை லாரி என்று பதிந்துவிட்டார்.

டேக் கொடுத்த பேங்க்குக்குப் போன் செய்தேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஒன்றும் மாறவில்லை.

“நம்மளால இன்னா பண்ண முடியும்? விட்டுத் தொலை,” என்றார் கணவர்.

“சட்டம் எனக்கு ஒரு ரேட் போட்டிருக்குது. அதுக்கு மேல ஒரு ரூபா குடுக்க மாட்டேன்,” என்றேன்.

போகும்போது சண்டை பிடித்தால் பூ வாடிவிடும். அதனால் காலி வண்டியோடு திரும்பும்போது, டேக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டில் நிறுத்தினேன். கூண்டுக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

“டேக் காட்டுங்க அக்கா.”

“காட்ட மாட்டேன். முதல்ல ஆர்.சி.யைப் பாரு. எடை எழுதியிருக்குது. இது லாரியா?”

“மிஷின்ல லாரின்னுதான் வருது. கட்டிட்டுப் போங்க, அப்பறம் கம்ப்ளைண்ட் பண்ணிக்கலாம்.”

“பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு. புகார் புத்தகத்தை எடு.”

பின்னால் ஹாரன் அலறியது. ஒரு கார்க்காரர் தெலுங்கில் திட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “மேடம், டிராஃபிக் நின்னுபோச்சு. வண்டியை எடுங்க.”

“நீங்க போட்ட போர்டுதானே சார் இது? இதுல என் வண்டி எந்த வரிசைல வருதுன்னு நீங்களே காட்டுங்க. காட்டுனா எடுத்துடறேன்.”

அவர் ஆர்.சி.யை வாங்கி இரண்டு முறை படித்தார். வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு விரலை இரண்டாவது வரிசையில் வைத்தார்.

“அதை எழுதிக் குடுங்க.”

வண்டியை ஓரங்கட்டினேன். புகார் புத்தகத்தில் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அவரும் எழுதி, முத்திரை வைத்து, போட்டோவோடு பேங்க்குக்கு மெயில் அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் வகை மாறியது. கடைசி சில மாதத்துக் கூடுதல் பணம் திரும்பி வந்தது. அதற்கு முந்தையதற்குக் கெடு முடிந்துவிட்டதாம். அதற்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் இன்னொன்று போடுவேன்.

போன வாரம் கேட்டில் அதே பெண் கண்ணாடியைத் தட்டினாள். கையில் அவள் அண்ணன் வண்டியின் ஆர்.சி.

“இதையும் கொஞ்சம் பாருங்க அக்கா. அவருக்கும் லாரின்னுதான் வருது.”

எடை எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டினேன். “உங்க அண்ணனை வரச் சொல்லு. வண்டியை இங்கயே நிறுத்தச் சொல்லு,” என்றேன். அவள் சூப்பர்வைசர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினாள்.