வரைபடத்தில் இல்லாத பத்தொன்பது வீடுகள்

வரைபடத்தின்படி நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் தரிசு. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எங்கள் சர்வே இன்ஜினியர் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மின் மூடிமேல் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாதபடி நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்முக்கு ஐந்தடி தள்ளி ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் டி.வி. ஓடியது. எதிர்ச்சுவரில் மின் மீட்டர் பெட்டி. அவர் வரைபடத்தைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், பிறகு அதை வரைந்தவளான என்னைப் பார்த்தார். “ஏம்மா, இதுல நாம எங்க நிக்கோம்?” என்று கேட்டார். நான் ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அங்கே புல்லைக் குறிக்கும் இரண்டு சிறு கோடுகளைத் தவிர ஒன்றுமில்லை.

அப்போது நான் உயரழுத்த மின்பாதை அமைக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் இருந்தேன். நெய்வேலி நகரியத்தை விட்டு வெளியே வந்ததும் வடலூர் சாலையில் ஒரு மாடிக் கட்டடம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை, குவார்ட்டர்ஸ் இருந்தது. எனக்கு மட்டும் கான்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வருகிற முறை பெயர் இருக்குமா என்ற கேள்வி மனதில் ஓர் ஓரமாக எப்போதும் இருந்துகொண்டிருக்கும். சர்வே சார் தென்காசிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, கோபக்காரர். என் எழுத்து அழகாக இல்லை என்று ஒரே தாளை மூன்று முறை திருப்பித் தந்திருக்கிறார். டிரைவர் வண்டியை நிழலில் நிறுத்தினால்கூடத் திட்டுவார். மதியச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். அவரை எனக்குப் பிடித்திருந்தது என்று அந்த நாட்களில் யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

ஒரு மின்பாதைக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கம்பி ஆகாயத்தில் போகிறது. கோபுரம் நிற்கிற இடத்தைத் தவிர யாருடைய நிலத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கம்பிக்குக் கீழே உயரமான மரம் நிற்கக் கூடாது, வீடு மேலே எழும்பக் கூடாது. அதனால் பாதை நெடுகிலும் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட்டு, வரைபடத்தோடு கொடுத்து, ஆட்சேபம் இருந்தால் விசாரித்து, அதற்குப் பிறகே அனுமதி தருவார்கள். எங்கள் பாதை காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளைத் தாண்டி வருகிறது. தோப்பு வைத்திருந்தவர்களின் மரங்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன, பலா தனி, முந்திரி தனி. தோப்பில் கூலி வேலை செய்து, காலங்காலமாக மனையில்லாமல் கிடந்து, கடைசியில் பட்டா வாங்கி வீடு கட்டிக்கொண்ட பத்தொன்பது குடும்பங்கள் மட்டும் இல்லை. எனக்குத் தரப்பட்ட மூலப்படம் அந்த வீடுகளைவிடப் பழையது. நான் அதன்மேல் கோடு போட்டேன், அவ்வளவுதான்.

முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. என்ன பார்க்கிறோம் என்று எழுந்து வந்தவள், கையில் எண்ணெய் இருக்கிறது என்று படத்தைத் தொடாமல் முழங்கையால் சுட்டிக் கேட்டாள்.

“எங்க வூடு எதுங்க?”

“இன்னும் போடலம்மா, போடணும்,” என்றார் சார்.

“போட்டுடுவீங்கல்ல?”

சார் தண்ணீர் கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சொம்பில் கொண்டுவந்து தந்தாள். வெளியே வெயில் என்று அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அந்த ஒற்றை அறையில் அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து, கூரை என்ன உயரம், மேலே தளம் போடும் எண்ணம் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். அக்கா, “கெவுருமெண்டுல காங்கிரீட்டு வூடு தர்றாங்களாம், எழுதிக் குடுத்துகினு இருக்கோம்,” என்றாள்.

அன்றைக்கே சார் அலுவலகம் திரும்பி ஒரு மாற்றுப் பாதை போட்டார். இரண்டே இரண்டு இடத்தில் பாதையை வளைத்தால் போதும். அந்தப் பத்தொன்பது வீட்டுக் காலனியை விட்டு ஏரிக்கரைப் பக்கத்து முள்காட்டின் மேலாகக் கம்பி போய்விடும். வளைவில் நிற்கும் கோபுரம் கனமானது, செலவு கூடும். அதைவிட, பாதை மாறினால் விண்ணப்பத்தை முதலிலிருந்து கொடுக்க வேண்டும். மேனேஜர் படத்தைப் பார்க்கவேயில்லை. “மேப்ல இல்லாத வீட்டுக்காக டவரைத் தள்ளிப் போடச் சொல்றீங்களா சார்? மொதல்ல மேப்ல கொண்டுவாங்க, அப்புறம் பேசலாம்,” என்றார்.

கொண்டுவருவதற்கு ஏழு மாதம் அலைந்தோம். கிராம அலுவலர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பட்டா கொடுத்தது உண்மை, ஆனால் மனைகளைப் பிரித்து அளந்து ஏற்றவில்லை, பதிவேட்டில் இன்னும் தரிசுதான், தாலுகாவில் போய்க் கேளுங்கள் என்றார். தாலுகாவில் முதலில் அளவையர் விடுப்பில் இருந்தார். பிறகு அளவையர் வந்தார், கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருந்தது. கோப்பு வந்தபோது அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்: அந்தச் சர்வே எண்ணின் மேல் ஒரு மின்பாதை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, அது முடியும்வரை பதிவேட்டில் எந்த மாற்றமும் செய்ய முடியாது. சார் மெதுவாகக் கேட்டார், “அந்த மின்பாதை விண்ணப்பம் யாரு குடுத்தது?” எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார்.

படியிறங்கி வரும்போது சார் சிரிப்பார் என்று நினைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவர் வண்டியில் ஏறாமல் வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து போனார், டிரைவர் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனார். இன்று யோசித்தால், அவர் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. மேலிடத்துக் கூட்டத்தில் மேனேஜரை முட்டாள் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். செலவை இன்னொரு கணக்கில் காட்டும் வழி அவருக்குத் தெரியும். அதைச் செய்யச் சொல்லி மற்றவர்கள் ஜாடையாகச் சொன்னார்கள்கூட. அவர் எல்லாரிடமும் சரியானதை மட்டுமே, சத்தமாக, தவறான நேரத்தில் சொன்னார். அந்தக் காலனிக்காக அலைந்த ஒரே மனிதர் அவர்தான் என்பது ஒரு பக்கம். அவரோடு பேசவே யாரும் விரும்பாததால் காலனியைப் பற்றிப் பேசவும் ஆளில்லாமல் போனது என்பது இன்னொரு பக்கம். இரண்டின் மேலும் எனக்கு ஆற்றாமை உண்டு.

விண்ணப்பத்தோடு ஒரு சான்று வைக்க வேண்டும். பாதையின் கீழே குடியிருப்பு ஏதும் இல்லை என்று சர்வே இன்ஜினியர் கையெழுத்திட வேண்டிய ஒற்றை வரி. மேனேஜர் அதைத் தட்டச்சு செய்து என்னிடம் கொடுத்தனுப்பினார். சார் படித்துவிட்டு மூடியைக்கூடக் கழற்றாமல் பேனாவை மேசையில் வைத்தார். “அந்த வீட்டுக்குள்ள உக்காந்து தண்ணி குடிச்சிருக்கேன். வீடே இல்லன்னு எப்படிம்மா எழுதுதது?” என்றார். நான் தாளைத் திரும்பக் கொண்டுபோனேன். மறுநாளும் கொடுத்தனுப்பினார்கள், மறுநாளும் கொண்டுபோனேன். மூன்றாம் வாரம் அவருக்கு வேறு மாநிலத்தில் ஒரு வேலையிடத்துக்கு மாற்றல் வந்தது. அவருடைய இடத்துக்கு வந்த இளைஞர் சேர்ந்த அன்றே நூறு தாள்களில் கையெழுத்திட்டார். அதில் இதுவும் ஒன்று. அவர் அந்தக் காலனியைப் பார்த்ததேயில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வர மறுக்கிறது.

போகும் முன் சார் ஒரு காரியம் செய்தார். காலனிக்குப் போய் வீடு வீடாக உட்கார்ந்து பத்தொன்பது ஆட்சேப மனுக்களைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி அனுப்பவைத்தார். அதனால்தான் விசாரணையே நடந்தது. விசாரணை நாளில் வரைபடத்தோடு போக ஆளில்லை, என்னை அனுப்பினார்கள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம்,” என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். என்னுடைய பதினோரு மாதம் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் ஒரு நீளமான கூடம். சுவரோரமாகக் காலனியிலிருந்து ஐந்து பேர் நின்றார்கள், அக்காவும் நின்றாள். என்னைப் பார்த்ததும் தெரிந்தவளைப் பார்த்த முகத்தோடு தலையசைத்தாள். மனுக்களைப் புரட்டிய அதிகாரி மோசமானவராகத் தெரியவில்லை. களைப்பாக இருந்தார், எங்களுக்கு முன்னால் வேறு பல விசாரணைகள் முடிந்திருந்தன. நான் விரித்த படத்தின் மேல் பேனாவை நகர்த்திக்கொண்டே கேட்டார்.

“இவங்க சொல்ற வீடெல்லாம் உங்க டிராயிங்ல இருக்குதாம்மா?”

“இல்லீங்க சார்,” என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். அதற்கும் அடுத்த மனுவை எடுத்ததற்கும் இடையில் நான்கைந்து நொடி இருந்தது. டிராயிங்கில் இல்லை சார், ஆனால் தரையில் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன் என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது சுருண்டுவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் கவலை என்பதுபோல. சுவரோரத்திலிருந்து ஒரு பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். உங்கள் மனு இருக்கிறது, பார்க்கிறோம் என்றார் அதிகாரி.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். குறிஞ்சிப்பாடி வழியாகப் போகும் பேருந்துக்குக் காத்திருந்தோம். பேருந்து தூரத்தில் தெரிந்த பிறகு சொன்னாள்.

“நீ ஒண்ணும் பொய் சொல்லல தங்கச்சி. அதான் எனக்கு வவுத்தெரிச்சலா கீது.”

அவள் முன்வாசலில் ஏறினாள். நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.

ஒப்புதல் வந்தது. கோபுரங்கள் எழுந்தன, காலனிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விதிப்படி எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு உயரத்தில் கம்பிகள் பத்தொன்பது கூரைகளுக்கும் மேலே போகின்றன. சட்டப்படி எதுவும் தவறில்லை. மழைக்காலத்தில் அவற்றிலிருந்து ஓர் இரைச்சல் வரும், அங்கே குடியிருப்பவர்கள் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. சார் புது ஊரிலிருந்து மாதம் ஒருமுறை போன் செய்து என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். விசாரணையில் நடந்ததை நான் இரண்டு மாதம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். கடைசியில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். “சொல்லிருக்கலாம்லா,” என்றார், கோபமில்லாமல். பிறகு போனை வைத்துவிட்டார். அதன் பின் அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்தார், நலம் விசாரித்தார், காலனியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. இப்போது ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார்.

அக்காவின் காங்கிரீட் வீட்டுக்கு முறை வந்ததைப் பின்னர் கேள்விப்பட்டேன். இடம் பார்க்க வந்த அலுவலர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாராம். மேலே உயரழுத்தப் பாதை இருப்பதால் இங்கே புதுக் கட்டடத்துக்கு அனுமதி தர இயலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதியதும் சரிதான். பாதைக்கு ஒப்புதல் தரும்போது கண்ணில் படாத வீடு, வீட்டுக்கு ஒப்புதல் கேட்கும்போது பாதைக்குக் கீழே சரியாக வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று எனக்குப் பல வருடங்களாக ஆசை. யாரிடம் காட்டுவது என்பது இன்னும் தெரியவில்லை.

நான் பெர்மனென்ட் ஆனேன். வரைபடப் பிரிவு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. சென்ற வருடம் அதே பாதையை ஒட்டி இரண்டாவதாக ஒரு மின்பாதை போட எங்களுக்கே வேலை வந்தது. மூலப்படம் புதிது, செயற்கைக்கோளில் எடுத்தது, கூரைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பதிவேட்டின்படி அடையாளம் எழுத வேண்டிய கட்டத்தில் தரிசு என்றே இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போய் ஒவ்வொரு வீட்டையும் அளந்தேன். பத்தொன்பது இப்போது இருபத்து மூன்றாகியிருந்தது. எல்லாவற்றையும் வரைந்து, மீட்டர் எண்களை எழுதி, போட்டோ சேர்த்து, பாதையை ஏரிக்கரைப் பக்கம் திருப்பச் சொல்லிக் குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது: இவ்வீடுகளுக்குப் பதிவேட்டு ஆதாரம் என்ன? நேரில் பார்த்தேன் என்று எழுதினேன். மறுபடி வந்தது: நேரில் பார்த்தது ஆதாரமாகாது. அப்படியென்றால் நீங்களும் வந்து பாருங்கள் என்று எழுதினேன். அதற்கு இதுவரை மூன்று முறை தேதி குறித்து, மூன்று முறையும் வண்டி இல்லை என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். தலை பாதி நரைத்துவிட்டது. என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் தரவில்லை. அது அவளுடைய உரிமை என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்தத் தடவையாவது எங்கள எழுதிட்டியா?” என்றாள்.

“எழுதிட்டேன்க்கா. இருபத்து மூணு வீடும்.”

“கையெழுத்து?”

“என்னுது போட்டுட்டேன். எனக்கு மேல இன்னும் மூணு பேர் போடணும்.”

“மூணு பேரா,” என்றாள்.