ஈ மொய்க்காத மீன் தண்ணீர்

எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. பக்கத்தில் ஓர் எலுமிச்சை, வேலியோரம் மரத்தக்காளி. குழம்புக்குப் போடுகிற தக்காளி இல்லை இது. முட்டை மாதிரி கிளையில் தொங்கும், பாதியாய் வெட்டிச் சீனி தூவிக் கரண்டியால் சுரண்டித் தின்ன வேண்டும். அதை விடுங்கள், கொய்யாவுக்கு வருகிறேன்.

பதினோரு வருஷம் எஸ்டேட்டில் முதுகில் பம்பு மாட்டி மருந்தடித்தவள் நான். கை நகம் இரண்டு கருத்து விழுந்தது. வேலையை விட்டதும், என் மரத்துக்கு ஒரு சொட்டு மருந்து கிடையாது என்று வைராக்கியமாய் இருந்தேன். பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பழைய பேப்பரில் பை கட்டுவேன். படிக்கத் தெரியாவிட்டாலும் பேப்பருக்கு என்னைப் போல் அலைந்தவள் லயத்தில் இல்லை! விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிப் புதைப்பேன். மீன் தலையும் சீனியும் ஊறிய தண்ணீரை இலைக்கு அடிப்பேன். பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

"என்னாடி, பசார் மீன் கடைய இங்க தூக்கிட்டு வந்துட்டியா?"

அப்படியும் பாதிப் பழத்தில் புழு இருக்கும். போன வருஷம் திடீரென்று எல்லாம் மாறியது. பையைப் பிரித்தால் பளபளவென்று பழம். ஈப்போவிலிருந்து மகள் வரும்போதெல்லாம் ஐந்து வயதுப் பேத்திக்குக் கழுவாமல்கூடக் கொடுத்தேன். லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். "எல்லாம் மீன் தண்ணி லா!"

அந்தத் தண்ணீரைக் கலக்குவது என் வீட்டுக்காரர். குனிந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர் வாளியில் கலந்து பம்பில் ஊற்றிக் கொடுப்பார், நான் அடிப்பேன்.

போன வாரம் கலக்கிய வாளியைத் திறந்து போட்டுவிட்டு அவர் டீ குடிக்க உள்ளே போனார். மீன் தண்ணீர் என்றால் ஈ அப்பிக்கொண்டு கிடக்கும். அன்றைக்கு ஒரே ஓர் ஈ விளிம்பில் உட்கார்ந்தது, காலை உதறியது, உள்ளே விழுந்தது. குனிந்து மோந்தேன். மீன் நாற்றத்துக்கு அடியில் எஸ்டேட் மருந்து ஸ்டோர் வாடை.

"ஏங்க, இதுல என்னா ஊத்துனீங்க?"

"என்னாத்த ஊத்துறது? மீன் தண்ணிதான்."

"ஈ சாவுது."

தம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்சூண்டு மருந்துதான் புள்ள. கம்போங் ராஜா தோட்டத்துல எல்லாரும் அடிக்கிறதுதான். புழுவப் பாத்துப் பாத்து நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்த. பழம் நல்லா வந்ததும் எப்படிச் சிரிச்ச! அதக் கெடுக்க மனசு வரல."

"எத்தன நாளா?"

"போன வருஷத்துலேருந்து."

அத்தனையும் என் கையாலேயே அடித்திருக்கிறேன். ஒரு பழத்தைப் பறித்து, நாலாய் வெட்டி, தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்க."

"பல்லு ஆடுது புள்ள."

"அதுவும் போன வருஷத்துலேருந்துதானே ஆடுது?"

அவர் தட்டைத் தொடவே இல்லை. பேத்தி அந்த மரத்துப் பழத்தைக் கடித்துத் தின்னும்போதெல்லாம், தான் ஒன்றும் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவை நம்பர் அடிக்கச் சொல்லி மகளுக்குப் போன் போட்டேன். "மககிட்ட சொல்ல வேணாம்" என்று அவர் பின்னாலேயே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, மருந்தே இல்லன்னு நீதானே சொன்ன? அத நம்பித்தானே புள்ளையத் தோலோட திங்க விட்டேன்?"

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றேன்.