இரண்டு அரிசியும் கலந்த பை

போன வருடம் ஐப்பசி மழை நேரத்தில் நடந்தது இது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. அம்மாவும் நானும்தான். வைத்தியத்துக்காக வெளிமாநிலங்களிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னறையை வாடகைக்கு விடுவோம். சமையலறை மட்டும் பொது.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆம்பூரில் ஷூவுக்குப் பசை தடவியே என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதே ஆம்பூரில் வேறொரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மற்றவர் கண்ணில் படாத கீறலைத் தோலில் கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்த முறை வந்தவர்கள் மிசோரத்துக் கணவன் மனைவி. கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. நம்மைப் போலவே கிறிஸ்தவர்கள் என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும், தண்ணீர் எப்போது வரும், கேட்டை எப்போது பூட்டுவோம் என்று சொன்னதோடு சரி.

மாதக் கடைசி வரை வரும் எங்கள் அரிசி, அந்த மாதம் ஒரு வாரம் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. அம்மாவைக் கேட்டேன்.

“மழையில பசி ஜாஸ்தியா எடுக்குது போல” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அந்த அக்கா சால்வைக்குள் ஒரு பையை மறைத்துக்கொண்டு தெருமுனையில் போவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே சால்வை, அதே வேகம். அம்மாவிடம் சொன்னேன்.

“உனுக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? போலீசு வேலைக்கே போயிருக்கலாம் நீ” என்று கிண்டலடித்தாள். ஏமாளி அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை லீவு போட்டேன். அம்மா சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அந்த அக்கா குளிக்கப் போன நேரம், சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த பையைப் பிரித்தேன். அவர்கள் சாப்பிடுவது பச்சரிசி. நாங்கள் சாப்பிடுவது புழுங்கல். பைக்குள் இரண்டும் கலந்திருந்தன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவர் வந்ததும் பையை நீட்டி, எங்கள் அரிசி இதில் எப்படி வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மௌனம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கே அறையைக் காலி செய்யுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினார். கணவரால் அதிக நேரம் நிற்க முடியாது. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா வந்தாள். “இன்னாடி இது? மனுசன் ஏன் வெளிய குந்திகினு கீறாரு?”

பையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குடையைக்கூட மடக்கவில்லை.

“அந்தப் புழுங்கல் நான் போட்டதுடி.”

“நீயா?”

“அந்தப் பொண்ணு ஒல வெக்கறதுக்கு முன்ன ஒரு பிடி எடுத்துத் தனியா வெச்சிது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. நம்ம பிடியரிசிதான! நானும் ஒரு பிடி போட்டேன். நீ கத்துவன்னு வாய் மேல விரல வெச்சிக் காட்டுனேன். அதுவும் தலைய ஆட்டுச்சி.”

சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைத்துச் சபையில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் சனங்களின் பழக்கம். ஏழைகளும் காணிக்கை தரலாம் என்பதற்காக வந்தது. கல்லூரியில் படிக்கும்போது, அரிசிப் பையோடு கோயிலுக்கு வர வெட்கமாக இருக்கிறது என்று சண்டை போட்டு அதை நிறுத்தியவள் நான். மிசோரத்திலும் அதே பழக்கம் உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“அப்போ இந்த அரிசி எங்க போவுது?” என்றேன்.

“பின்தெரு மாடியில ஒரு ஒடிசாக்காரம்மா. மூணு மாசமா புருசன் ஆஸ்பத்திரில. இந்தப் பொண்ணும் அந்தம்மாவும் வார்டுல தோஸ்த் ஆயிட்டாங்க.”

அம்மா அந்தக் கணவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். அப்போதும் என் மனம் முழுதாக நம்பவில்லை. அம்மாவும் அந்த அக்காவும் பையோடு கிளம்பியபோது நானும் பின்னாலேயே போனேன்.

சின்ன அறை. அடுப்புக்கு மேலே ஜெகந்நாதர் படம். அந்த ஒடிசாக்கார அம்மா பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கலந்த அரிசி சோறாக ஒழுங்காக வேகாது. பச்சரிசி குழைந்துவிடும், புழுங்கல் விறைத்து நிற்கும். அதனால் கஞ்சியாகவே காய்ச்சுகிறார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத மூன்று பெண்களும் எதையோ கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நான்தான் அங்கே விருந்தாளி மாதிரி நின்றேன்.

திரும்பி வந்ததும் பெட்டியிலிருந்த துணிகளை நானே எடுத்து அலமாரியில் வைத்தேன். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, ஏன் சொல்லவில்லை என்றேன். உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே என்று என்னைவிட நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். ஊரில் அவர் பள்ளி ஆசிரியை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அடுத்த மாதம் இருவரும் காட்பாடியில் ரயிலேறினார்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் பெட்டி கட்டியிருக்கவே வேண்டாம். அம்மாவை என்னிடம் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், நோயாளிக் கணவரை வாசலில் உட்காரவைத்துவிட்டுத் துணி மடித்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுக்கும் எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.